கடைசியாக உள்ளே வந்த நாள்

ஒரு வீட்டில் பிணம் கிடந்தால் ஆட்கள் எப்படி நிற்பார்களோ, அப்படி நின்றார்கள். பெண்கள் சுவரோரம். ஆண்கள் பாதி வாசலில், பாதி உள்ளே. யாரும் உட்காரவில்லை. யாரும் சத்தமாகப் பேசவில்லை.

நடுவில் பிணம் இல்லை. ஒரு கம்ப்யூட்டர் இருந்தது.

நான் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்த பழைய கம்ப்யூட்டர். மர மேசை. பக்கத்தில் காமாட்சி விளக்கு எரிந்தது. மானிட்டர் தலையில் ஒரு முழம் கதம்பம். பெட்டிக்குள் காத்தாடி உர்ரென்று ஓடியது. வீட்டில் அந்தச் சத்தம் மட்டும்தான்.

திரை கருப்பு. அதில் வெள்ளையாக ஒரே ஒரு வரி. வரிக்குக் கீழே ஒரு சின்னக் கோடு சிமிட்டிச் சிமிட்டி நின்றது.

வரி இங்கிலீஷ். அர்த்தம் இதுதான். இந்த வீட்டு மாரிச்சாமி கடைசியாக உள்ளே வந்தது ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்து நாற்பது. தேதியும் இருந்தது.

மாரிச்சாமியை மூல வைகை ஆறு கொண்டுபோனது அந்தத் தேதிக்குப் பத்து நாள் முந்தி. ஒரு வியாழக்கிழமை, பகல் பொழுது. பார்த்த ஆள் உண்டு.

மேசை ஓரத்தில் அவன் சம்சாரம் பாண்டியம்மா நின்றது. தூங்கி ரெண்டு நாள் ஆன முகம். என்னைப் பார்த்ததும் ஒன்றுதான் சொன்னது.

"பாத்துச் சொல்லுங்க பாய். நீங்க சொன்னாத்தான் கேப்பாக."

ஆறாம் வகுப்பு

போன வாரம் பத்திரிகை ஆபீசில் இருந்து போன் வந்தது. "உங்க தொழில்ல பேய், பிசாசு ஏதாவது உண்டா பாய்?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். போனை வைத்த பிறகு இந்த வீடு ஞாபகம் வந்தது. சொல்வதா வேண்டாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன்.

என் படிப்பு ஆறாம் வகுப்பு. அத்தா கம்பம் சந்தையில் வெங்காயம் விற்றார். என்னை ஒரு ரேடியோ கடையில் விட்டார். ரேடியோ போய் டிவி வந்தது. டிவி மலிந்துபோய் கம்ப்யூட்டர் வந்தது. அப்போது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது.

இங்கிலீஷ் எழுத்துத் தெரியும். வாக்கியம் தெரியாது. கிழமைப் பேர், மாசப் பேர் தெரியும். அதை வைத்தே காலத்தை ஓட்டிவிட்டேன்.

மதுரையில் ஆபீஸ்களில் கழித்துப்போட்ட பெட்டிகள் எடைக்கு வரும். பழசு. அப்போது எல்லாரும் கேட்ட விண்டோஸ் அதில் ஏறினால் முக்கும், முனகும், நின்றுவிடும். என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தேன். தேனியில் ஒரு பழைய புத்தகக் கடையில் கம்ப்யூட்டர் பத்திரிகை கிடந்தது. அதோடு ஒரு சிடி. விண்டோசுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸ் என்று போட்டிருந்தது.

"இதுக்கு ஓனர் யாரு?" என்றேன்.

"யாரும் கிடையாது பாய். யார் வேணும்னாலும் எடுத்துப் போட்டுக்கலாம்" என்றார் கடைக்காரர்.

"ஊர்க் கிணறு மாதிரியா?"

"கிணறுகூடத் தெருவுக்குத் தெரு பிரிச்சு வச்சிருக்கான். இது அப்படி இல்ல."

வாங்கி வந்தேன்.

எல், ஐ

பழைய பெட்டிக்குச் சிடியில் இருந்து எழுந்திரிக்கத் தெரியாது. முதலில் ஒரு ஃப்ளாப்பி போட்டு எழுப்பணும். அது கண்ணைத் திறந்து சிடியைத் தேடும். பிறகு கேள்வி கேட்கும். கேள்வி எனக்குப் புரியாது. எந்தக் கேள்விக்கு ஆமாம், எந்தக் கேள்விக்கு இல்லை என்று ஒரு அட்டையில் வரிசையாகக் குறித்து வைத்திருந்தேன். குறிக்கிறதுக்கு முன்னால் பல தடவை எல்லாம் அழிந்துபோனது.

எழுந்திரிக்கும்போது வெள்ளை எழுத்து அடைமழை மாதிரி ஓடும். நான் படிக்கமாட்டேன். ஓடினால் சரி. நின்றால் தப்பு. அவ்வளவுதான் என் பாடம்.

ஒரு தொந்தரவு மட்டும் ரொம்ப நாள் இருந்தது. எல்லாம் ஏற்றி முடித்து, அணைத்துப் போட்டால், திரை மூலையில் எல் என்று ஒரு எழுத்து வரும். பிறகு ஐ. அப்படியே நின்றுவிடும். நாலு எழுத்து வரணும். ரெண்டோடு நிற்கும். காத்தாடி ஓடும், விளக்கு எரியும், மேற்கொண்டு ஒன்றும் வராது.

அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், யாரோ பேச வந்து பாதியில் வாயைப் பொத்திக்கொண்ட மாதிரி இருக்கும். என் சம்சாரம் கடைக்குச் சோறு கொண்டுவந்தால் அந்தத் திரைப் பக்கம் பார்க்காது.

பிறகுதான் பிடிபட்டது. பழைய பெட்டிக்குத் தூரப்பார்வை இல்லை. டிஸ்கில் முன்பகுதி தெரியும். பின்பகுதி தெரியாது. எழுப்புகிற ஃபைல் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டால் அதுக்குக் கண் எட்டாது. முன்னாலேயே ஒரு சின்ன அறை வெட்டி, ஃபைலை அங்கே வைத்தேன். நாலு எழுத்தும் வந்தது.

அன்றைக்கு ஒரு டீ குடித்தேன். வேறு கொண்டாட்டம் இல்லை.

மெசினுக்கு ராகுகாலம்

நான் பள்ளிவாசல் போகிறவன். எனக்கு அஷ்டமி, நவமி கிடையாது. என்னிடம் மெசின் வாங்குகிறவர்களுக்கு உண்டு. பஞ்சாங்கம் பார்க்காமல் பட்டனை அமுக்க விடமாட்டார்கள்.

கம்பத்தில் ஒரு ஏலக்காய்க் கடை. ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். முதலாளி கையைப் பிடித்தார்.

"பாய், நாலரை வரைக்கும் ராகுகாலம். சும்மா இருங்க."

"எனக்கு அடுத்த வேலை இருக்குங்க."

"அதுக்கு? என் ஏவாரம் படுக்கணுமா?"

எனக்கு ஒன்று தோன்றியது. "மெசினுக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கு. அத அஞ்சு மணின்னு வச்சுருவோம். மெசினுக்கு ராகுகாலம் தாண்டிரும்" என்றேன்.

முதலாளி யோசித்தார். கணக்குப்பிள்ளையைப் பார்த்தார். கணக்குப்பிள்ளை மேலே பார்த்தார்.

"இது செல்லுமா பாய்?"

"மெசினைப் பொறுத்தவரைக்கும் செல்லும்."

"அப்பப் போடுங்க. அதுதான ஏவாரம் பாக்கப்போகுது, நானா?"

அதில் இருந்து அது என் வழக்கமாகிப் போனது. ராகுகாலம் என்றால் மணியைத் தள்ளுவேன். நாள் சரியில்லை என்றால் தேதியைத் தள்ளுவேன். வேலை முடிந்ததும் பழையபடி திருப்பி வைத்துவிடுவேன்.

திருப்பி வைக்காமல் விட்டது ஒரே ஒரு மெசினில்.

தேய்பிறை

மாரிச்சாமி கடமலைக்குண்டுக்கு அந்தப் பக்கம், ஆற்றங்கரை ஊர். ஊர் ஜனத்துக்கு மனு எழுதிக் கொடுப்பான். இங்கிலீஷ் வரும். கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும்.

"கம்ப்யூட்டர்ல அடிச்ச மனுவுக்கு ஆபீஸ்ல தனி மரியாத பாய். என் கையெழுத்தப் பாத்தா மனுவ நீட்டுனவன வெளிய போகச் சொல்றாக" என்பான்.

கம்பத்தில் இருந்து தேனி ஒரு பஸ், தேனியில் இருந்து அங்கே ஒரு பஸ். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். அன்றைக்குப் பாண்டியம்மா அம்மா வீட்டுக்குப் போயிருந்தது. மாரிச்சாமி மட்டும் இருந்தான்.

ஃப்ளாப்பியைப் போடுகிற நேரத்தில் அவன் அண்ணன் பெரியசாமி வந்தார். பக்கத்து வீடு. வெள்ளை மீசை. வெற்றிலை வாய்.

"ஏலே, இன்னைக்கி என்ன நாளுன்னு தெரியுமா? செவ்வா. அதுலயும் தேய்பிறை அஷ்டமி. இன்னைக்கிப் போயி வீட்டுக்குள்ள ஒண்ண எழுப்புறியே."

"பாய் ரெண்டு பஸ் மாறி வந்திருக்காருண்ணே."

"நாலு பஸ்கூட மாறட்டும். வளர்பிறையில வெள்ளிக்கிழம முகூர்த்தம் இருக்கு. பத்து நாளு பொறுக்க மாட்டியா? அஷ்டமியில எழுப்புனது அடங்காதுல."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாரிச்சாமி என்னைப் பார்த்தான்.

"பத்து நாள் கழிச்சு வாரீகளா பாய்?"

"முடியாது. கையில வேலை கிடக்கு."

மெசின் கடிகாரத்தைப் பத்து நாள் முன்னால் தள்ளினேன். வெள்ளிக்கிழமை என்று காட்டியது. மாரிச்சாமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அண்ணன் கேட்டா முகூர்த்தத்துலதான் போட்டதுன்னு சொல்லிக்கிறேன். மெசினே சாட்சி."

சாயங்காலம் வரை ஆனது. பழைய டிஸ்க், மெதுவாகத்தான் எழுதும். பேர் கேட்கிற இடம் வந்தது. அவன் பேரைப் போட்டுக் கொடுத்தேன். இந்தப் பேரை அடித்தால்தான் உள்ளே விடும். உள்ளே விடும்போது ஒரு வரி போடும். நீ இதுக்கு முந்தி எப்போது வந்தாய் என்று கிழமை, தேதி, மணியோடு சொல்லும். அது அதோட பழக்கம்.

கடைசி பஸ் ஹாரன் அடித்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கண்டமனூர் தாண்டும்போது ஞாபகம் வந்தது. கடிகாரத்தைத் திருப்பவில்லை.

ஒரு மாசம் கழித்து மாரிச்சாமி போன் பண்ணினான்.

"பாய், உங்க நல்ல நாளு இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு."

"வந்து மாத்துறேன்."

"அவசரம் இல்ல. ஊரே பின்னால வருது, நான் பத்து நாளு முன்னால போயிக்கிட்டிருக்கேன். நல்லாத்தான் இருக்கு. வீட்லகூடச் சொல்லல. சொன்னா அண்ணன் காதுக்குப் போயிரும்."

நான் போகவில்லை. வேலை இருந்தது என்று சொல்லலாம். சோம்பல்தான்.

தண்ணீர்

ஐப்பசியில் மேகமலைப் பக்கம் பேய் மழை. மாரிச்சாமி ஒரு கிழவியின் மனுவை எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போனான். முழங்கால் தண்ணிதான். ஆடு மேய்த்த ஒருத்தர் கரையில் இருந்து பார்த்தார். பாதி ஆற்றில் நின்றானாம். மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தானாம். தண்ணி வருகிற சத்தம் அவனுக்கு முந்திக் கேட்டிருக்கும். ஒரு கையைத் தூக்கினானாம். அதோடு சரி.

அணைக்கட்டு வரைக்கும் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை.

உடம்பு இல்லாவிட்டால் அந்தப் பக்கம் கொஞ்ச நாள் பார்ப்பார்கள். பிறகு வைக்கோலில் ஆள் மாதிரிக் கட்டி எரித்துக் காரியம் பண்ணுவார்கள். அன்றைக்குத்தான் பெண்சாதி தாலியைக் கழற்றுவார்கள். அதுவரைக்கும் அவள் கழுத்தில் அது இருக்கும்.

ஐந்து மாசம் பார்த்தார்கள். பெரியசாமி வீட்டில் கறவை மாடு செத்தது. மகளுக்குக் கரு கலைந்தது. குறி கேட்டதில், தம்பி அலைகிறான் என்று வந்தது. காரியத்துக்கு நாள் குறித்தார்.

காரியத்துக்கு ரெண்டு நாள் இருக்கும்போது பாண்டியம்மா அந்த மெசின் மேல் கிடந்த மாரிச்சாமி துண்டை எடுத்தது. ஐந்து மாசத்தில் அதுதான் முதல் தடவை. பத்தாவது படித்த பிள்ளை. மெசினைப் போட அவன் சொல்லிக் கொடுத்திருந்தான். அவன் பேரை அடித்தது. வரி வந்தது.

தெருவுக்கு ஓடிவந்து சத்தம் போட்டதாம். "அவுக சாகல. ஆத்துக்குப் போன பத்தாம் நாளு வீட்டுக்கு வந்திருக்காக. மெசின்ல போட்டிருக்கு."

சாட்சி

அப்படித்தான் நான் அந்த வீட்டில் போய் நின்றேன்.

மெசினை அணைக்கவே இல்லை. அணைத்தால் வரி போய்விடும் என்று பயம். கரண்டு போனால் பேட்டரிப் பெட்டி கீ கீ என்று கத்தும். கத்துகிற வரைக்கும் பெண்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களாம்.

நான் வரியைப் பார்த்தேன். விரலை மடக்கினேன். ஞாயிற்றுக்கிழமையில் இருந்து பத்து நாள் பின்னால் போனால் வியாழக்கிழமை. அவன் ஆற்றுக்குப் போன அதே வியாழக்கிழமை. காலை ஐந்து நாற்பதுக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மனு அடித்திருக்கிறான். பிறகு அதை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போயிருக்கிறான்.

அவ்வளவுதான் சங்கதி. தெரிந்தவர்கள் ரெண்டு பேர். ஒருத்தன் ஆற்றோடு போய்விட்டான்.

அந்த நேரம் திரை தானாக இருட்டாகிவிட்டது. பத்து நிமிஷம் யாரும் தொடாவிட்டால் இந்தத் திரை கண்ணை மூடிக்கொள்ளும். சுவரோரம் ஒரு கிழவி, "ஆத்தா, போயிட்டான்" என்றது. பாண்டியம்மா ஒரு பட்டனைத் தொட்டது. வரி திரும்ப வந்து நின்றது. பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

பெரியசாமி முன்னால் வந்தார். வெற்றிலை போடவில்லை. வாய் வெளுத்திருந்தது.

"பாய், நீங்கதான போட்டது. உள்ளதச் சொல்லுங்க. எனக்குத் தம்பிய எரிக்கணும்னு ஆசையா? அவன் அலையக்கூடாதுன்னுதான். இந்த மெசினு பொய் சொல்லுமா, சொல்லாதா?"

வெளியே பந்தல்காரர் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தார். கிணற்றடியில் வைக்கோல் குவித்திருந்தது.

நான் பாண்டியம்மாவைப் பார்த்தேன். முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தில் மஞ்சக் கயிறு. அதை ஒரு விரலில் சுற்றிச் சுற்றிப் பிடித்திருந்தது. விரல் நுனி வெள்ளையாகிப் போயிருந்தது.

"மெசின் தானாப் பொய் சொல்லாது" என்றேன்.

"அப்ப அவன் வந்தானா?"

"அது எனக்குத் தெரியாதுண்ணே."

"தேதி போட்டிருக்குல?"

"போட்டிருக்கு."

நான் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. சேர்த்துப் பார்த்தால் பொய்.

பெரியசாமி தரையில் உட்கார்ந்தார். துண்டை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு பந்தல்காரரைப் போகச் சொன்னார். கம்பு பிடுங்குகிற சத்தம் கேட்டது.

நான் கிளம்பும்போது பாண்டியம்மா வாசல் வரைக்கும் வந்தது.

"இனி அணைக்கலாமா பாய்?"

"அணைக்கலாம்."

"திரும்பப் போட்டா வரி வருமா?"

"ஏதாச்சும் ஒரு வரி வரும்."

அதுவும் உண்மைதான். யார் அந்தப் பேரை அடித்து உள்ளே போனாலும், போன நாளை அது குறித்துக்கொள்ளும். அடுத்த தடவை அதைத்தான் காட்டும். மாரிச்சாமி வந்த வரி போய்விட்டது. இனிமேல் அந்த இடத்தில் பாண்டியம்மா வந்ததுதான் இருக்கும். அதையும் நான் சொல்லவில்லை.

திறந்த கதவு

மூன்று வருஷம் இருக்கும். கடமலைக்குண்டு பஸ் கண்டக்டர் கடைக்கு வந்து சொன்னார். மாரிச்சாமி வீட்டு மெசினில் கருகிய நாற்றம் வருகிறதாம், சீக்கிரம் வரச் சொன்னார்களாம். கரண்டு பெட்டிதான் போயிருக்கும் என்று தெரிந்தது. வேறு ஒன்றை எடுத்துக்கொண்டு, கடைக்கு லீவு விடுகிற ஞாயிற்றுக்கிழமை போனேன்.

உச்சிப் பொழுது. தெருவில் ஆள் இல்லை. கதவு ரெண்டும் விரியத் திறந்து கிடந்தது. வாசலில் கால் கழுவச் செம்பில் தண்ணி. உள்ளே தரையில் ஒரு தலைவாழை இலை, தண்ணி தெளித்து. பக்கத்தில் மடித்து வைத்த வேட்டி.

அடுப்படியில் இருந்து குரல் வந்தது.

"வந்துட்டீகளா?"

என் கால் நிலையைத் தாண்டவில்லை. அந்தக் குரல் கண்டக்டர் சொல்லி வருகிற மெக்கானிக்கைக் கேட்கிற குரல் இல்லை. பெண்சாதி புருஷனைக் கேட்கிற குரல்.

பாண்டியம்மா கரண்டியோடு வெளியே வந்தது. நெற்றியில் பெரிய பொட்டு, தலையில் பூ. என்னைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே நின்றது. முகம் மெதுவாக மாறியது.

"பாயா. வாங்க."

நான் உள்ளே போனேன். வேலையைப் பார்த்தேன். பெட்டியைத் திறந்து கருகியதைக் கழற்றி, கொண்டுபோனதை மாட்டினேன். மெசினைப் போட்டேன். வெள்ளை எழுத்து ஓடியது. பேர் கேட்டு நின்றது. வழக்கப்படி சரிபார்க்கக் கையைக் கொண்டுபோனேன்.

"பேரப் போடாதீக." கையைத் தட்டிவிடாத குறை. "இன்னைக்கி வியாழக்கிழம இல்ல."

"வியாழக்கிழமைக்கு என்ன?"

"அவுக போன கிழம. அன்னைக்கி மட்டுந்தான் போடுவேன். பேர அடிப்பேன், வரி வரும், படிப்பேன், அணைச்சுருவேன். வேற ஒண்ணயும் தொடமாட்டேன்."

"வரி என்ன காட்டும்?"

"ஞாயித்துக்கிழம."

நான் விரலை மடக்கினேன்.

"போன ஞாயிறு இல்ல பாய். வரப்போற ஞாயிறு. தேதி போட்டு வரும். காலண்டர்ல ஒத்துப் பாத்துட்டேன். மூணு வருசம், ஒருக்காகூடத் தப்பல. வாரேன், வாரேன்னு எழுதி வச்சுட்டுப் போறாக."

"வந்திருக்காரா?"

"நான் பாத்ததில்ல. சில நாளு எலையில ஒரு வாச் சோறு கொறஞ்சிருக்கும்." கொஞ்சம் சிரித்தது. "பூனையாவும் இருக்கும்."

கொல்லையில் கோழி கேறியது. எனக்கு அந்த இலையைப் பார்க்க முடியவில்லை.

"இந்த ஞாயிறுன்னும் போட்டிருந்துச்சு. வாசல்ல நெழல் தட்டுச்சு. நீங்க நிக்கிறீக" என்றது.

அப்போதுதான் சொன்னேன். மூன்று வருஷம் வாயில் வைத்திருந்ததைச் சொன்னேன். அஷ்டமி, வெள்ளிக்கிழமை முகூர்த்தம், பத்து நாள் முன்னால் தள்ளினது, கடைசி பஸ். விரலை மடக்கிக் காட்டினேன். வியாழக்கிழமை நீங்க உள்ள போறீக. மெசின் அதோட பத்து நாளக் கூட்டி ஞாயித்துக்கிழமைன்னு எழுதிக்கிடுது. அடுத்த வியாழக்கிழமை அதக் காட்டுது. அன்னைக்கி அது வரப்போற ஞாயிறா இருக்கு. வர்றது நீங்கதான் தாயி. அவரு இல்ல.

பாண்டியம்மா சுவரில் சாய்ந்தது. அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. போகவில்லை.

"அப்ப மொத வரி?"

"அந்த வியாழக்கிழமை காலையில அவரு போட்டது. ஆத்துக்குப் போறதுக்கு முந்தி."

"அஞ்சே முக்காலுக்கு நாந்தான் காப்பி கொண்டாந்து வச்சேன். இந்த நாக்காலியிலதான் இருந்தாக. குடிச்சு முடிக்கல." என் பக்கம் திரும்பி, "அன்னைக்கி ஏன் சொல்லல?"

"உங்க கழுத்தப் பாத்தேன்."

கை கழுத்துக்குப் போனது. அங்கேயே இருந்தது.

"பெரியத்தான்ட்டச் சொல்லுவீகளா?"

பெரியசாமியிடம் சொன்னால் வைக்கோல் திரும்பவும் கிணற்றடிக்கு வரும். ரெண்டு பேருக்கும் அது தெரியும்.

"நீங்க சொல்லச் சொன்னாச் சொல்லுவேன்."

"வேணாம்."

"கடிகாரத்தத் திருப்பிரவா? ஒரு நிமிச வேலை."

"திருப்புனா?"

"போன வியாழக்கிழமை வந்ததுன்னு காட்டும். நீங்க வந்தது மட்டும் இருக்கும்."

பாண்டியம்மா தரையைப் பார்த்தது. உதடு அசைந்தது. விரல் ஒவ்வொன்றாக மடங்கியது.

"நான் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம போட்டா?"

"வரப்போற திங்கக்கிழமைன்னு காட்டும்."

"தினமும் போட்டா?"

நான் எண்ணிப் பார்த்தேன். "ஒன்பது நாள் தள்ளிக் காட்டும். நாளைக்குப் போட்டாலும் ஒன்பது நாள் தள்ளி. அடுத்த நாள் போட்டாலும் ஒன்பது நாள் தள்ளி."

"அப்ப வந்து சேரவே மாட்டாக."

"மாட்டாரு."

திரையில் கோடு சிமிட்டிக்கொண்டிருந்தது. பேர் கேட்டு நின்ற இடத்தில் அப்படியே நின்றது. பாண்டியம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு கையை நீட்டிச் சுவிட்சை அணைத்தது.

"வியாழக்கெழமையே இருக்கட்டும் பாய். ஒண்ணுந் தொட வேணாம்."

அடுப்படிக்குப் போய்ச் சோற்றுப் பானையைத் தூக்கி வந்து இலைக்கு முன்னால் வைத்தது.

"காலக் கழுவிட்டு வந்து உக்காருங்க. எல போட்டாச்சு."